வலது கண்ணில் மட்டும் தெரிந்த நாய்

கரண்ட் போனால்தான் மனிதனுக்குக் கஷ்டம் என்று ஐம்பது வயது தாண்டும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். வந்தாலும் கஷ்டம்தான் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு சேலத்தை ஒட்டி, கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறது. ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கும் காற்று மாடி அறைக்குள் நேராக வரும். அதனால் அன்றைக்கு ரொம்ப முன்யோசனையோடு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, கட்டிலில் வெள்ளை விரிப்புப் போட்டு, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தேன். மேல் வரிசை பெரியப்பா வீட்டுப் படங்கள். கீழ் வரிசை எங்கள் வீட்டுப் படங்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கரண்ட் வந்ததும் ஸ்கேனரில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. என் ஒழுங்கை நானே ரசித்துக்கொண்டு நின்றேன். ஒழுங்காக ஒரு காரியம் செய்து பழக்கமில்லாததால் கொஞ்சம் அதிக நேரம் ரசித்துவிட்டேன்.

கரண்ட் வந்தது. ஃபேன் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. ரெகுலேட்டர் முழு வேகத்தில் இருந்தது. மேல் வரிசை எழுந்தது. கீழ் வரிசையும் எழுந்தது. இத்தனை வருடம் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு வீடுகளும் கட்டிலுக்கு மேல் கட்டிப்பிடித்துச் சுற்றி, பீரோவுக்கு அடியிலும் கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னாலும் என் பனியனுக்குள்ளும் போய் விழுந்தன.

சத்தம் கேட்டு மாடி ஏறி வந்த என் மனைவி, நான்கு காலில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்னத்தைத் தொலைச்சீங்க?"

"ஒண்ணும் தொலையலை. எல்லாம் இங்கயேதான் இருக்குது."

"அப்பறம் எதுக்கு மூஞ்சி இப்படி இருக்குது?"

"எது யாருதுன்னு தெரியலை."

அவள் ஃபேனைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். அப்புறம் சுவிட்சை அணைத்துவிட்டு, "இனி அணைச்சு என்ன," என்று மறுபடியும் போட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள்.

கலந்தால் என்ன, எடுத்து அடுக்க வேண்டியதுதானே என்று தோன்றும். அதற்குத் தாத்தாவின் கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தாத்தா எடப்பாடிப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர். ஈரோட்டில் ஸ்டுடியோவை மூடிக்கொண்டு போன ஒருவரிடமிருந்து இரண்டு லென்ஸ் வைத்த கேமரா ஒன்றை வாங்கிவந்தார். ஒரு தடவை அமுக்கினால் இரண்டு படம் விழும். நம் கண்கள் இரண்டும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ, அந்த லென்ஸ்களும் அவ்வளவு தள்ளி. அதனால் ஒன்று இடது கண் பார்க்கும் படம், இன்னொன்று வலது கண் பார்க்கும் படம். இரண்டையும் ஒரு மரப்பெட்டியின் இரண்டு குழிகளில் செருகி, முன்னால் உள்ள இரண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால் மாடு மாடாகவே எழுந்து நிற்குமாம். கொம்பு குத்திவிடும் என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்களாம். நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே பாகம் பிரித்துவிட்டார்கள்.

தாத்தா போனபிறகு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பிரித்தார்கள். பூமி, மாடு, அண்டா, ஏர் எல்லாம் மூத்தவருக்குப் பாதி, இளையவருக்குப் பாதி. கடைசியில் இந்தப் படக்கட்டு வந்தது. ஒவ்வொரு படமும் இரண்டிரண்டாக இருப்பதைப் பார்த்துப் பெரியவர்களுக்கு ஒரே சந்தோஷம். "உங்கொப்பன் எவ்வளவு வெவரமான ஆளு பாருங்கடா! பின்னால சண்டை வரக்கூடாதுன்னு ஆளுக்கொண்ணு எடுத்து வெச்சுட்டில்ல போயிருக்காரு!" என்று சொல்லி, ஒன்று பெரியப்பாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு என்று கொடுத்துவிட்டார்கள். பார்க்கிற பெட்டி மட்டும் ஒன்றுதான் இருந்தது. அதையும் விடவில்லை. ரம்பம் கொண்டுவந்து நடுவில் அறுத்து ஆளுக்கொரு கண்ணாடி. அப்பா அவருடைய பாதியை வைத்துத்தான் இன்றைக்கும் பேப்பர் படிக்கிறார். எங்கள் பக்கத்து நியாயம் அவ்வளவு துல்லியமானது. மாடு இரண்டு இருந்ததால் பிழைத்தது. ஆளுக்கு ஒரு மாடாகக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பின் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. நல்லது கெட்டதில் பார்த்தால் எதிர்த்திசையில் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். வாய்க்கால் தகராறு என்று ஒருவர் சொல்வார். நாய்த் தகராறு என்று ஒருவர் சொல்வார். சின்ன வயதில் இருவரும் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கரடு என்கிற பாறைக் குன்றின் உச்சிக்கு ஏறினார்களாம். கூடத் தங்கள் செம்பழுப்பு நிறச் செவலை நாயும் வந்தது என்பார் பெரியப்பா. வரவில்லை என்பார் அப்பா. இதில் இரண்டு பேரும் கிழவர்களாகிவிட்டார்கள்.

இப்போது என் மகளுக்குக் கல்யாணம். அப்பா எந்தச் சீரும் கேட்கவில்லை, எந்த மண்டபம் என்றும் கேட்கவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது குழாயைப் பார்த்துச் சொன்னார்: "மேடையில எங்கண்ணன் வந்து நிக்கோணும். அது போதும்."

நான் எடப்பாடிக்குப் போய்ப் பத்திரிகை வைத்தேன். பெரியப்பா வாங்கி ஓரமாக வைத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடையில் பில் போடுகிறவன் நான். வாடிக்கையாளர் தயங்கினால் உடனே வேறு எதையாவது எடுத்துக் காட்டுவது தொழில் புத்தி. "பெரியப்பா, உங்க பாதிப் படத்தையும் எங்க பாதிப் படத்தையும் கம்ப்யூட்டர்ல சேத்தி வெச்சா, அந்தப் பெட்டியில பாத்தீங்கல்ல, அதேமாதிரி பாக்கலாமுங்க" என்றேன். எனக்குத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னேன். இணையத்தில் பார்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். உள்ளே போய்ப் படங்கள் இருந்த ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார்.

"பின்னால பேனா படக்கூடாது."

"படாதுங்க."

"ஒட்டுத்தாள் ஒட்டக்கூடாது."

"ஒட்டமாட்டேனுங்க."

"செவ்வாக்கெழமை நானே அங்க வாரேன். எல்லாத்தையும் பாத்துட்டு, என் பாகத்தை வாங்கிட்டுப் போறேன். என் பாகம் எனக்கு அப்படியே வரோணும், சாமி. உங்கொப்பன் பாகத்துல ஒண்ணு இதுக்குள்ள மாறி வந்துச்சு, கல்யாணமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பாகத்துல கை வெச்சவன் ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

இதுதான் கதை. இதனால்தான் நான்கு காலில் நின்றேன்.

படங்களைப் பொறுக்கி எடுத்தேன். ஜோடி சேர்ப்பதில் சிரமமில்லை. மாட்டோடு மாடு, கிணற்றோடு கிணறு. ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் எது பெரியப்பாவுடையது? ஒரே காகிதம், ஒரே அளவு. நிறமாவது மாறியிருக்கும் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வீடும் பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவை பீரோவில் வைத்து, பீரோவைப் பூட்டி வைத்திருந்திருக்கின்றன. ஒருவரோடு ஒருவர் பேசாமலேயே ஒரே மாதிரி மஞ்சளாக்கியிருந்தார்கள்.

போன் அடித்தது. பெரியப்பா. போனைக் காதில் வைக்காமலேயே கேட்கும் அவர் குரல்.

"எடப்பாடியில பஸ் ஏறிட்டேன், சாமி!"

"வாங்க வாங்க, நெம்ப சந்தோசமுங்க," என்றேன். என் குரல் எனக்கே மூன்றாவது மனிதர் பேசுவது போலிருந்தது.

கீழே ஓடினேன். அப்பா முன்னறையில் உட்கார்ந்து லென்ஸை ஓட்டி இரங்கல் விளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் எப்போதும் துண்டோடு இருக்கிறவர் அன்று காலையிலேயே சலவைச் சட்டை போட்டு, மேல் பித்தான்வரை மாட்டியிருந்தார்.

"அப்பா, சும்மா ஒண்ணு கேக்கறேன்."

"நீ சும்மா எதையும் கேக்கமாட்டயே."

"அந்தப் படங்களைப் பிரிச்சாங்கல்ல, அதுல யாருக்கு எந்தப் பக்கம்?"

"எதுக்கு?"

"கம்ப்யூட்டர்ல பேரு வெக்கோணும்."

"பெட்டியில வலது குழியில செருகறது பூராம் அண்ணனுக்கு. இடது குழியில செருகறது எனக்கு. மூத்தவங்களுக்கு வலது கை."

"எல்லாமே அப்படித்தானா? ஒண்ணு ரெண்டு மாறியிருக்குமா?"

அப்பா லென்ஸை இறக்கினார். "மாறுமா? பாகம்டா அது. ஊரே உக்காந்து பாத்துட்டிருந்துச்சு." என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டா இப்படி வேர்க்குது உனக்கு?"

"மாடியில புழுக்கமுங்க."

"ஃபேனப் போட்டுக்கறது!"

சமையலறையிலிருந்து என் மனைவி சிரிப்பது கேட்டது. தாளிக்கிற சத்தத்தில் மறைத்துக்கொள்ளப் பார்த்தாள், நடக்கவில்லை.

ஆனால் எனக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. வலது கண்ணுக்கு உரிய படமெல்லாம் பெரியப்பாவுடையது. எது வலது கண் படம் என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடும். இரண்டையும் ஸ்கேன் செய்து, இடது கண் படத்தைச் சிவப்பிலும் வலது கண் படத்தை நீலத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஒரு பக்கம் சிவப்புத் தாளும் ஒரு பக்கம் நீலத்தாளும் ஒட்டிய அட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். சரியாகப் போட்டிருந்தால் மாடு முன்னால் வரும், மரம் பின்னால் போகும். இடம் மாற்றிப் போட்டிருந்தால் உலகமே உள்வெளியாகிவிடும். மரம் முன்னால் வந்து மாட்டின்மேல் உட்காரும்.

இதெல்லாம் பதறாத மனிதனுக்கு எளிய வேலை. நான் முதல் தொகுதியைத் தலைகீழாக ஸ்கேன் செய்தேன். இரண்டாவது தொகுதியை மூடியைச் சாத்தாமல் ஸ்கேன் செய்து, படங்களோடு என் மூக்கின் ஒரு பகுதியையும் சேமித்தேன். கண்ணாடியை மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாட்டினால் நழுவியது. உள்ளே மாட்டினால் மூக்குக்கண்ணாடி நழுவியது. ஒரு கையால் இரண்டையும் பிடித்துக்கொண்டு மறு கையால் மவுஸை நகர்த்தினேன்.

முதலில் தாத்தா நிற்கும் படம். இரண்டு மீசையையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினேன். மேல்கீழாக மயிரிழை தள்ளினாலும் தலைவலி வருகிறது. கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் திருப்பி, பொருந்தியதும் ஏதோ நடந்தது. சட்டென்று படத்துக்கு உள்ளே அறை ஒன்று திறந்தது. ஆனால் தாத்தா இருந்த இடத்தில் தாத்தா வடிவத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அவர் முகம் இட்லித் தட்டின் குழி மாதிரி உள்ளே வாங்கியிருந்தது. பின்னால் இருந்த சோளத்தட்டுப் போர் அவரைத் தாண்டி முன்னால் வந்து என் மடியில் விழப்பார்த்தது. மாற்றிப் போட்டிருக்கிறேன். இரண்டையும் இடம் மாற்றினேன். தாத்தா எழுந்து வந்தார். மூக்கு வந்தது, மீசை வந்தது, தொப்பை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது. "வாங்க தாத்தா," என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வலது படத்தை எடுத்துப் பெரியப்பா டப்பாவில் போட்டேன்.

அப்புறம் வேலை ஓடியது. கிணறு முதலில் கோபுரமாக நின்றது. மாற்றியதும் கிணறாக இறங்கியது. வண்டிமாடு வண்டிக்குப் பின்னால் போய் நின்றது; மாற்றியதும் முன்னால் வந்து பூட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாக வலது இங்கே, இடது அங்கே. எனக்குத் தைரியம் வந்து, ஒரு பழைய பாட்டைக்கூட முணுமுணுக்க ஆரம்பித்தேன். முணுமுணுத்தது தப்பு.

கடைசி ஜோடி கரடு.

தாத்தா தோட்டத்திலிருந்து கேமராவை மேலே தூக்கிக் கரட்டின் உச்சியை மட்டும் எடுத்திருந்தார். பாதிக்குமேல் வானம், அடியில் பாறை முகடு. பொருத்தினேன். தட்டையாக இருந்தது. மாற்றிப் போட்டேன். அதே தட்டை. மறுபடி மாற்றினேன். ஒன்றுமே அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது: அவ்வளவு தூரத்தில் இருப்பது இரண்டு கண்ணுக்கும் ஒன்று போலத்தான் தெரியும். முன்னால் ஒரு செடிகூட இல்லை. கிட்டத்துப் பொருள் இருந்தால்தானே இடதும் வலதும் வேறுபடும்? இந்த ஒரு ஜோடியில் எது வலது என்று கடவுளே வந்தாலும் அட்டைக் கண்ணாடி போட்டுச் சொல்ல முடியாது.

சரி, அந்தப் புள்ளிகளையாவது பார்ப்போம் என்று நினைத்தேன். உச்சியில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அதுதான் பெரியப்பாவும் அப்பாவும். அண்ணன் தம்பி சேர்ந்து இருக்கிற படம் உலகத்திலேயே இது ஒன்றுதான். எங்கள் வீட்டுப் பாதியில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் திரையில் புள்ளியே இல்லை. பெரிதாக்கினேன். பாறை இருக்கிறது, வானம் இருக்கிறது, ஆளைக் காணோம். இரண்டு படத்திலும் காணோம்.

ஸ்கேனரின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பிறகு பார்த்தால், ஸ்கேனரில் தூசு நீக்கும் வசதி ஒன்று இருக்கிறது. பரபரப்பில் எங்கோ தட்டி அதை முடுக்கியிருக்கிறேன். என் அப்பாவையும் பெரியப்பாவையும் தூசு என்று முடிவு செய்து அது துடைத்துவிட்டிருந்தது. அதை அணைத்து மறுபடி ஸ்கேன் செய்தேன். அண்ணன் தம்பி திரும்பி வந்தார்கள். ஒரு படத்தில் இரண்டு புள்ளி. இன்னொன்றில் மூன்று புள்ளி.

மூன்றாவது எங்கிருந்து வந்தது? பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு புள்ளிகளுக்கு ஓரமாக, கொஞ்சம் தாழ்வாக, சின்னதாக ஒன்று. அடுத்த படத்தில் அந்த இடத்தில் வெறும் வானம். ஒரே நொடியில் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றில் மட்டும் இருந்தால் அது அழுக்கு. காகிதத்தில் ஒட்டியது. தாத்தா எடுத்த படத்துக்கு நான் செய்யப்போகும் உபகாரமாக இருக்கட்டும் என்று, அசலைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்தேன். போகவில்லை. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை விரலில் சுற்றி, படத்தின்மேல் 'ஹா' என்று ஒரு மூச்சு விட்டு, துணியைப் புள்ளிக்கு மேல் கொண்டுபோனேன்.

போன் அடித்தது.

"தாரமங்கலம் தாண்டியாச்சு, சாமி! ஒண்ணு மறந்துட்டேன். கரட்டுப் படம் இருக்குதல்லோ, நாய் இருக்கறது, அதை மொதல்ல எடுத்து வெய்யி. வந்ததும் உங்கொப்பனுக்கு அதைத்தான் காட்டோணும்."

நான் துணியையும் படத்தையும் இரண்டு கைகளில் அகலமாகப் பிடித்துக்கொண்டு, சிலுவை மாதிரி நின்றேன். ஈரம் காயும்வரை மூச்சு விடவில்லை. காய்ந்தது. நாய் இருந்தது.

அப்போது எனக்கு இரண்டு விஷயங்கள் விளங்கின. முதலாவது நல்லது: நாய் இருக்கிற பாதி பெரியப்பாவுடையது. அவருடைய படத்தில் மூன்று புள்ளி, அப்பாவுடைய படத்தில் இரண்டு புள்ளி; அவரவர் பாதியைப் பார்த்து அவரவர் இத்தனை வருடம் பேசியிருக்கிறார்கள். டப்பா சரியாகிவிட்டது. இரண்டாவது கெட்டது: அந்த நாய், நாய் இல்லை. அதை இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் அறிவேன். அறிந்தவனைத்தான் அவர் வந்து கேட்கப்போகிறார், தம்பியின் முன்னால்.

பெரியப்பா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா எழுந்து நின்றார். பெரியப்பா அவரைப் பார்க்காமல் என்னிடம், "உங்கொப்பன் உக்காரட்டும்," என்றார். அப்பா என்னிடம், "அண்ணன் உக்காந்தா உக்கார்றேன்னு சொல்லு," என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. நான் இந்தப் பக்கம் சொல்லி, அந்தப் பக்கம் சொல்லி, கடைசியில் இருவரையும் மாடிக்கு ஏற்றினேன். என் மனைவி காப்பியோடு பின்னால் வந்து, முதல் வேலையாக ஃபேன் சுவிட்சை அணைத்தாள்.

"ஏம்மா, வேர்க்குதல்லோ," என்றார் பெரியப்பா.

"உங்க மகனுக்கு ஃபேன் காத்து ஆகறதில்லீங்க மாமா," என்றாள்.

தாத்தா, மாடு, கிணறு என்று வரிசையாகக் காட்டிப் பேச்சை இழுக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். பெரியப்பா அட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டதும், "கரட்டைப் போடு," என்றார்.

போட்டேன். வேறு வழி?

பாறை முகடு. வானம். இரண்டு கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்கு ஓரமாக, கொஞ்சம் தாழ்வாக, ஒரு சிவப்புப் புள்ளி.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் திரையைப் பார்த்த பெரியப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "செவலை! பாரு, செவலையேதான்! உங்கொப்பனைப் பாக்கச் சொல்லு!"

இந்தக் கூத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு படத்திலும் இருப்பது கறுப்பாகத் தெரியும். வலது படத்தில் மட்டும் இருப்பது திரையில் சிவப்பாகத்தான் விழும். கம்ப்யூட்டர் அதன்பாட்டுக்குப் பெரியப்பா கட்சியில் சேர்ந்துவிட்டது, நிறத்தோடு.

"கருப்பு வெள்ளைப் படத்துல எப்படிடா செவப்பு வரும்?" என்றார் அப்பா. கண்ணாடியை வாங்கி மாட்டினார். வலது கண்ணை மூடினார். "காணோம்." இடது கண்ணை மூடினார். "இருக்குது." மறுபடி மூடினார். "காணோம். இருக்குது." கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஒரு கண்ணுல இருக்குது, ஒரு கண்ணுல இல்லை. இது என்னடா கணக்கு?"

"நீ சொல்லு, சாமி," என்றார் பெரியப்பா. "நாயா, இல்லையா?"

எப்போதும் இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஒரு ஜோக் வரும். வாயைத் திறந்தேன். வரவில்லை. அப்பாவின் சலவைச் சட்டையின் மேல் பித்தான் கண்ணில் பட்டது. நாய்தானுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரியப்பா கல்யாண மேடை ஏறிவிடுவார். ஆனால் அப்பா இத்தனை காலம் பொய் சொன்னவராகிவிடுவார். அவர் முகத்துக்கு நேராக எனக்குப் பொய்யும் வராது. அதுதான் என் பிரச்சினை.

"பெரியப்பா, நாயா இருந்தா ரெண்டு படத்துலயும் இருக்கோணுமுங்க. இது உங்க படத்துல மட்டும்தான் இருக்குது. காகிதத்துல விழுந்த புள்ளிங்க."

என் மனைவி டம்ளரை எடுக்கக் கை நீட்டி, எடுக்காமலேயே நிறுத்திவிட்டாள். பெரியப்பா தன் சட்டைப் பையில் கைவிட்டு, அறுத்த பெட்டியின் மரம் இன்னும் ஒட்டியிருந்த அந்த லென்ஸை எடுத்தார். திரைக்குப் பக்கத்தில் போய் அந்தச் சிவப்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு அது வரலையா?" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

அப்பாதான் பதில் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

"வரலீங்ணா. ஆனா செவலைன்னு ஒண்ணு இருந்துச்சு. இல்லைன்னு நான் என்னைக்குஞ் சொல்லலை. நாம எறங்கி வாரப்போ கரட்டடியில வந்து நின்னுட்டிருந்துச்சு. உங்க மேலதான் தாவுச்சு."

"என் மேலயா?"

"உங்க மேலதானுங்க. என்னை எப்ப அது சட்டை பண்ணுச்சு?"

பெரியப்பா லென்ஸைத் துடைத்துப் பைக்குள் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கையை நீட்டி, "என் பாகத்தைக் குடு," என்றார்.

டப்பாவைக் கொடுத்தேன். என் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒன்று மாறியிருந்தாலும் போச்சு. அவர் மூடியைத் திறந்து, விரலால் துழாவி, கரட்டுப் படத்தை மட்டும் எடுத்தார். மூன்று புள்ளி. தலையாட்டினார். உள்ளே போட்டு மூடிவிட்டார்.

"மத்ததெல்லாம் பாக்கலீங்களா பெரியப்பா?"

"அதைப் பாத்து?"

"மாறிக்கீறி இருந்துச்சுன்னா..."

"மாறுனா எனக்கெப்படித் தெரியும்? ரெண்டும் ஒண்ணாட்டத்தானே இருக்கும்! நாய் இருந்தா என்னுது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

பெரியப்பா டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பினார். என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார்.

"முகூர்த்தம் எப்போ?"

"விடியறதுக்குள்ளீங்ணா. முந்துன நாளே வந்தாத்தான் ஆகும். வண்டி அனுப்பறேன்."

"முந்துன நாளே வந்துட்டா தோட்டத்துக்குக் காவலு?"

"ஏனுங், உங்க செவலைதான் இருக்குதல்லோ," என்றார் அப்பா.

பெரியப்பா தம்பியை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் தொப்பை குலுங்க ஆரம்பித்தது, திரையில் எழுந்து வந்த தாத்தாவின் அதே தொப்பை.

"இத்தனை வருசம் வரலை வரலைன்னவன், இன்னைக்குக் காவலுக்குக் கூப்படறான் பாரு," என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். "வண்டியப் பொழுதோட அனுப்பு. முன்னால சீட்டு எனக்கு."

"நாய்க்குங்ணா?"

"அதுக்கும் சேத்தித்தான்."

அவர்கள் குரல் கீழே போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பாதிப் படங்கள் இன்னும் கட்டிலில் திறந்தபடி கிடந்தன. நான் மெதுவாக எழுந்து போய், ஃபேன் சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.